முகமும் எழுத்தும் ஒரே பரப்பில்

ஒரு படத்தைப் பார்க்கும் கண் முதலில் எங்கே போய் நிற்கிறது என்பதை அளந்தவர்கள், முகமும் எழுத்தும் பார்வையை இழுக்கும் வலுவில் ஏனைய பொருள்களை விஞ்சி நிற்பதைக் கண்டிருக்கிறார்கள். கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மோரான் செர்ஃப், கிறிஸ்டாஃப் கோஹ் ஆகியோரின் குழு 2009-இல் வெளியிட்ட ஆய்வில், படத்தில் வேறு ஏதோ ஒரு பொருளைத் தேடுமாறு பணிக்கப்பட்டவர்களின் கண்கூட வழியில் இருந்த முகத்தையும் எழுத்தையும் தொட்டுவிட்டே சென்றது. ஆகவே ஒருவருடைய உருவப்படத்தின்மீது எழுத்தைப் பொறித்து ஒரே படமாக ஆக்குபவர், தாம் அறிந்தோ அறியாமலோ, பார்வைக்காகப் போட்டியிடும் இரண்டு வலிய பொருள்களை ஒரே பரப்பில் வைக்கிறார். அவற்றுள் எது வெல்லும், இரண்டும் சேர்ந்து தோற்குமா என்பதைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் அளந்தறியக்கூடிய சில பண்புகளே.

இப்பண்புகளைப் படிக்க விரும்பும் ஒளிப்படக்கலை மாணவர் ஒருவருக்கு மந்தாரக்குப்பம் போதுமான பாடசாலை. கடலூர் மாவட்டத்தில், நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நகரியத்தை ஒட்டிக் கடலூர்–விருத்தாசலம் நெடுஞ்சாலையில் அமைந்த இவ்வூரின் கடைவீதியில், தமிழகத்தின் மற்ற சிற்றூர்க் கடைவீதிகளைப் போலவே, மஞ்சள் நீராட்டு விழா, காதணி விழா, திருமண வரவேற்பு, தலைவர்களின் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி என்று முகமும் எழுத்தும் கலந்த படங்களே கண்ணில் படுகின்றன. இவற்றைக் கலைக்கூடங்களில் மாட்டப்படும் படங்களோடு சேர்த்துப் பேசுவது கல்வி வட்டாரங்களில் வழக்கமில்லை. ஆனால் ஈரானில் பிறந்த ஷிரின் நெஷாத் 1993 முதல் 1997 வரை பெண்களின் ஒளிப்படங்கள்மீது பாரசீக எழுத்துகளை மையால் கையெழுத்தாக எழுதி உருவாக்கிய புகழ்பெற்ற வரிசையும், மந்தாரக்குப்பத்து ஃப்ளெக்ஸ் கடையில் கணினித் திரையில் உருவாகும் பேனரும் கண்ணுக்கு வைக்கும் கேள்வி ஒன்றுதான்.

கண்ணுக்கு அப்பால் மூளையிலும் இவ்விரண்டுக்கும் இடம் நெருக்கமானது. மூளையின் அடிப்பகுதியில், வலப்பக்கத்தில் உள்ள ஒரு மடிப்பில், முகங்களுக்கென்றே மிகுதியாகத் தூண்டப்படும் ஒரு பகுதி இருப்பதை நான்சி கன்விஷர் குழு 1997-இல் விளக்கியது. அதற்கு ஏறக்குறைய நேர் எதிரே, இடப்பக்கத்தில், எழுதப்பட்ட சொற்களுக்கென ஒரு பகுதி இருப்பதை லோரான் கோஹன், ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் ஆகியோர் 2000-இல் எடுத்துக்காட்டினார்கள். பிரேசிலிலும் போர்ச்சுகலிலும் எழுத்தறிந்தவர்களையும் அறியாதவர்களையும் ஒப்பிட்டு டெஹேன் குழு 2010-இல் வெளியிட்ட ஆய்வில், படிக்கக் கற்றவர்களின் மூளையில் இடப்பக்கத்துச் சொற்பகுதி முகங்களுக்குக் காட்டும் துலங்கல் சற்றே குறைந்திருந்தது. எழுத்து வந்து குடியேறும்போது முகம் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்கிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். நெஷாத்தின் படத்தில் பாரசீகம் அறியாதவர் வெறும் கோலத்தை மட்டும் காண்பதும், பிற மாநிலத்திலிருந்து நெய்வேலிக்கு வேலைக்கு வந்த, தமிழ் படிக்கத் தெரியாத ஒருவர் பேனரில் எழுத்தைக் கடந்து முகத்தையே நேராகக் காண்பதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கவை.

அளந்தறியக்கூடிய முதற்பண்பு ஒளிர்வு. ஒரு நிறம் கண்ணுக்கு எவ்வளவு வெளிச்சமாகத் தெரிகிறது என்பதே அதன் ஒளிர்வு. அது நிறத்தின் பெயரோடு தொடர்புடையதன்று. கணினித் திரைக்கான வழக்கமான நிறமுறையில் வெள்ளையின் ஒளிர்வை 1 என்று வைத்துக்கொண்டால், முழுப் பச்சையின் பங்கு 0.7152, முழுச் சிவப்பின் பங்கு 0.2126, முழு நீலத்தின் பங்கு 0.0722 மட்டுமே. சிவப்பும் பச்சையும் சேர்ந்த மஞ்சள் 0.93-ஐ நெருங்குகிறது. இரண்டு நிறங்களின் ஒளிர்வோடு தனித்தனியே 0.05-ஐக் கூட்டிப் பெரியதைச் சிறியதால் வகுத்தால் கிடைப்பது வேறுபாட்டு விகிதம். சிறிய எழுத்துக்கு இது 4.5-க்கும், பெரிய எழுத்துக்கு 3-க்கும் குறையக்கூடாது என்பது வலைப்பக்கங்களுக்கான உலகளாவிய வழிகாட்டு நெறி. இக்கணக்கின்படி நீலத்தின்மீது மஞ்சள் எழுத்து 8 பெறுகிறது. நீலத்தின்மீது சிவப்பு எழுத்து, பார்ப்பதற்கு எவ்வளவு எடுப்பாக இருந்தாலும், 2.15-ஐத் தாண்டுவதில்லை, மஞ்சள்மீது வெள்ளை வெறும் 1.07. மஞ்சள் நீராட்டு விழா பேனர்களில் மஞ்சள் பின்னணிக்கு மேல் அரக்கும் கருநீலமும் ஆட்சி செய்வதற்கு மங்கலம் ஒரு காரணமென்றால் இக்கணக்கு மற்றொரு காரணம்.

முகத்தின்மீது எழுதும்போதுதான் இக்கணக்கு சிக்கலாகிறது. வெள்ளை எழுத்தும் கறுப்பு எழுத்தும் ஒரே அளவு வேறுபாடு காட்டும் பின்னணி எது என்று மேற்சொன்ன விதியிலிருந்தே கண்டுபிடித்தால், விடை ஏறத்தாழ 0.18 என்று வருகிறது. ஒளிப்பட மாணவர்கள் அனைவரும் அறிந்த, வெளிச்சத்தை அளக்கப் பயன்படும் 18 விழுக்காட்டுச் சாம்பல் அட்டையின் மதிப்பு அதுவே. அப்பின்னணியில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் விகிதம் சுமார் 4.6, அதாவது இரண்டுமே மயிரிழையில் தேறுகின்றன. தமிழ்நாட்டில் பெருவாரியாகக் காணப்படும் மாநிறத் தோல் சீரான வெளிச்சத்தில் எடுத்த படத்தில் இந்த நடுச்சாம்பலின் அக்கம்பக்கத்தில்தான் வந்து நிற்கிறது. வெளிச்சம் விழும் கன்னத்தில் ஒளிர்வு 0.35-க்கு ஏறினால் வெள்ளை எழுத்தின் விகிதம் 2.6-ஆக விழுகிறது, நிழல் விழும் கன்னத்தில் 0.06-க்கு இறங்கினால் கறுப்பு எழுத்து 2.2-இல் மூழ்குகிறது. ஒரு கன்னத்தில் தொடங்கி மூக்கைத் தாண்டி மறு கன்னத்துக்குச் செல்லும் வரிக்கு எந்த ஒற்றை நிறமும் உதவாது என்பது இதிலிருந்து தெளிவு.

இதற்கான தீர்வைப் பேனர் வடிவமைப்பாளர்கள் எந்தப் பாடநூலும் இன்றிக் கண்டடைந்திருக்கிறார்கள். அவர்கள் மொழியில் அது 'ஸ்ட்ரோக் கொடுப்பது'. வெள்ளை எழுத்தைச் சுற்றிக் கறுப்பு விளிம்பு இட்டால் எழுத்துக்குள்ளேயே 21-க்கு 1 என்ற வேறுபாடு பிறந்துவிடுவதால், பின்னால் இருப்பது கன்னமா கழுத்துச் சங்கிலியா என்பது பொருட்டில்லாமல் போகிறது. நயம் தெரிந்தவர்கள் இதைக் கொச்சை என்று ஒதுக்குவதுண்டு. கண்ணின் தரப்பிலிருந்து பார்த்தால் ஒதுக்குவதற்கு எந்த நியாயமும் இல்லை. மிதமிஞ்சிய தடிமனையும், ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று நிற விளிம்புகளையும் வேண்டுமானால் குறை சொல்லலாம்.

இரண்டாவது பண்பு, இவற்றுள் மிகவும் வளமானது, இட அதிர்வெண் எனப்படுவது. ஒரு குறிப்பிட்ட அகலத்துக்குள் வெளிச்சமும் இருளும் எத்தனை முறை மாறி மாறி வருகின்றன என்பதே அதன் பொருள். முகத்தின் பொது வடிவம், கண்குழிகளின் நிழல், தாடையின் சாய்வு ஆகியவை குறைந்த அதிர்வெண்ணில் அமைந்தவை. இமை மயிர், தோலின் துளைகள், எழுத்தின் கூரிய விளிம்பு ஆகியவை உயர்ந்த அதிர்வெண்ணில் அமைந்தவை. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த லியோன் ஹார்மன் 1973-இல் ஆபிரகாம் லிங்கனின் படத்தைச் சில நூறு சதுரங்களாகச் சுருக்கிக் காட்டியபோது, அருகில் பார்த்தவர்களுக்கு வெறும் கட்டங்கள் தெரிந்தன. கண்ணைச் சுருக்கியோ தள்ளி நின்றோ பார்த்தவர்களுக்கு லிங்கன் தெரிந்தார். கட்டங்களின் விளிம்புகள் புதிதாகக் கொண்டுவந்த அதிர்வெண்கள் முகத்தின் அதிர்வெண்களுக்கு நெருக்கமாக இருந்ததால் முகத்தை மூடிவிட்டன என்பதும், கண்ணைச் சுருக்கும்போது அவ்விளிம்புகள் கரைந்துபோகின்றன என்பதும் ஹார்மனும் பேலா யூலெஸும் அதே ஆண்டில் தந்த விளக்கம். இதற்கு மறைப்பு என்று பெயர்.

மறைப்பு என்னும் இக்கருத்தை எழுத்துப் படங்களுக்குப் பொருத்திப் பார்த்தால் பயனுள்ள ஒரு கணக்கு கிடைக்கிறது. ஒரு முகத்தை இன்னார் என்று அடையாளம் காண, முகத்தின் அகலத்துக்குள் ஏறத்தாழ 8 முதல் 16 சுழற்சிகள் வரையிலான பட்டை முக்கியமானது என்பது பல ஆய்வுகள் காட்டும் முடிவு. எழுத்தை அடையாளம் காண ஓர் எழுத்தின் அகலத்துக்குள் சுமார் 3 சுழற்சிகள் தேவை. எனவே முகத்தின் அகலத்துக்குள் மூன்று முதல் ஐந்து எழுத்துகள் அடங்குமாறு எழுதினால், எழுத்தின் அதிர்வெண் முகத்துக்கு 9 முதல் 15 வரை அமைந்து, முகத்துக்கு மிகவும் வேண்டிய பட்டையின்மீதே சரியாக விழுகிறது. முகமும் கெட்டு எழுத்தும் கெடும் அளவு இதுவே. முகத்தின் அகலத்துக்கு நாற்பது எழுத்துகள் என்று சிறிதாக்கினால் எழுத்து தோலின்மேல் ஒரு நெசவாகிவிடுகிறது. முகத்தளவுக்கு ஒரே எழுத்து என்று பெரிதாக்கினால் எழுத்து ஒரு சாளரமாகி அதன் வழியே முகம் தெரிகிறது. இரண்டும் நன்று. பயிலும் மாணவர்கள் மிகுதியாகத் தேர்ந்தெடுப்பது நடுவில் உள்ள கெட்ட அளவைத்தான், ஏனெனில் ஒரே ஒரு சொல்லை நெற்றியிலிருந்து மோவாய் வரை அழகாகப் பரப்பும்போது அது இயல்பாகவே மூன்று, நான்கு எழுத்தாக வந்து நிற்கிறது.

தமிழ் எழுத்துக்கு இக்கணக்கில் ஒரு திருத்தம் தேவைப்படலாம். எழுத்துவடிவின் சுற்றளவை அதனாலேயே பெருக்கி, எழுத்து மூடும் பரப்பால் வகுத்தால் அதன் சிக்கலைக் காட்டும் ஓர் எண் கிடைக்கும். இந்த எண் கூடக்கூட எழுத்தை அடையாளம் காணும் கண்ணின் திறமை குறைகிறது என்று டெனிஸ் பெல்லி குழு 2006-இல் பல மொழி எழுத்துகளைக் கொண்டு காட்டியது. ட, ப போன்றவை சில கோடுகளில் முடிந்துவிடுகின்றன. ஞ, ணை, ஜூ போன்றவை சுழியும் வளைவுமாகப் பின்னிக் கிடக்கின்றன. ன-வுக்கும் ண-வுக்கும் இடையே இருப்பது ஒரு சுழி மட்டுமே. ஆகவே ரோமன் எழுத்தைக் கருதி வகுத்த குறைந்தபட்ச அளவுகளைத் தமிழுக்கு அப்படியே எடுத்துக்கொள்வது தவறு.

எழுத்தைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் எழுத்தே உருவத்தை வரையும் மையாகிவிடும். கென் நோல்டனும் மேற்சொன்ன ஹார்மனும் 1966-இல் ஓர் ஒளிப்படத்தைக் கணினியில் ஏற்றி, ஒவ்வொரு புள்ளியின் கருமைக்கும் ஏற்ற ஒரு சிறு குறியை அச்சிட்டு, சுமார் 12 அடி நீளப் படத்தை உருவாக்கினர். பழைய அச்சகங்களில் துத்தநாக 'பிளாக்' கொண்டு அஞ்சலிப் படங்களை அச்சிட்டபோது நிகழ்ந்ததும் இதுவே. அங்கே குறிகளுக்குப் பதிலாகச் சிறிதும் பெரிதுமான புள்ளிகள். தமிழகத்தில் இம்முறையின் மிகப் பரவலான வடிவம், திருக்குறள் முழுவதையும் எழுதியே வள்ளுவர் உருவத்தை வரைவது. கே. ஆர். வேணுகோபால் சர்மா வரைந்து, 1964-இல் சென்னைச் சட்டமன்றத்தில் திறந்து வைக்கப்பட்ட உருவமே பெரும்பாலும் இதற்கு மூலம். 1330 குறள்களில், குறளுக்கு ஏழு சீராக, 9310 சீர்கள். எழுத்தெண்ணிக்கை நாற்பதாயிரம் அளவில் வரும். ஏ3 தாளில் இவ்வளவையும் அடக்கினால் ஓர் எழுத்துக்குக் கிடைப்பது சுமார் 3 சதுர மில்லிமீட்டர், அதாவது பக்கத்துக்கு 1.7 மில்லிமீட்டர். நல்ல கண் பிரித்தறியும் நுண்ணளவு ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு; கையில் பிடித்துப் பார்க்கும் தூரத்தில் இவ்வெழுத்து அதைப்போல் பதினைந்து மடங்கு பெரிதாகத் தெரிந்து படிக்க முடிகிறது; 6 மீட்டர் தள்ளி நின்றால் ஓர் எழுத்து முழுவதுமே ஒரு பங்குக்குள் சுருங்கி, குறள் மறைந்து வள்ளுவர் மட்டும் எஞ்சுகிறார். இம்முறையில் தமிழுக்கு ஒரு வசதியும் உண்டு: தாடியின் நிழலுக்கு அடர்ந்த எழுத்து மிக்க சீரையும் நெற்றிக்கு மெலிந்த எழுத்து மிக்க சீரையும் தேடி வைக்குமளவுக்கு எழுத்துகளின் அடர்த்தி வேறுபடுகிறது. குறளின் வரிசையைக் குலைக்க முடியாதாகையால் வரைபவர்கள் பேனாவின் அழுத்தத்தையே நம்ப வேண்டியிருக்கிறது என்பது வேறு.

படத்தைத் திருத்தும் மென்பொருளில் செய்யப்படும் சில வழக்கமான வேலைகளுக்கும் கண்ணின் இயல்பிலேயே காரணம் இருக்கிறது. எழுத்துக்குப் பின்னே மெல்லிய நிழல் இடுவதை எடுத்துக்கொள்ளலாம். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் பிரெக்மன் 1981-இல் சில எழுத்துகளின் சிதறிய துண்டுகளைக் காட்டினார். வெறும் துண்டுகளாகக் கிடந்தபோது எவருக்கும் எழுத்து புலப்படவில்லை. அவற்றின் குறுக்கே மை சிந்தியதுபோன்ற ஒரு கறையை வரைந்தவுடன் புலப்பட்டது. மறைப்பது எது, மறைக்கப்பட்டது எது என்று தெரிந்துவிட்டால் மறைந்த பகுதியை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. எழுத்துக்கு இடும் நிழல், எழுத்து முன்னால் மிதக்கிறது, முகம் அதன் பின்னால் முழுதாக இருக்கிறது என்ற செய்தியைத் தருவதால், மூக்கின் பாதியை எழுத்து மூடினாலும் முகம் உடைவதில்லை. இதற்கு நேர்மாறானது எழுத்தைத் தோலோடு ஒட்டவைக்கும் வேலை. முகத்தின் சாம்பல்நிறப் பிரதி ஒன்றை வரைபடமாகக் கொடுத்தால், மென்பொருள் அதன் ஒவ்வொரு புள்ளியின் மதிப்பையும் பார்த்து, 128 உள்ள இடத்தில் எழுத்தை நகர்த்தாமலும், மதிப்பு அதிலிருந்து விலக விலக மிகுதியாக நகர்த்தியும், எழுத்து கன்ன மேட்டில் வளைந்து செல்வதுபோலக் காட்டுகிறது. பிரதியை முன்னதாக மங்கலாக்கிக்கொள்ளாவிட்டால் தோலின் துளைகளும் மேடுகளாகக் கணக்கிடப்பட்டு எழுத்தின் விளிம்பு பல்பல்லாகிவிடும்.

ஒளிர்வைப் பற்றிய பேச்சில் மந்தாரக்குப்பத்துக்கு மிக அருகிலுள்ள வடலூரை விட்டுவிட முடியாது. இவ்வட்டாரத்துக் கடைகளிலும் நாட்காட்டிகளிலும் மிகுதியாகக் காணப்படும் எழுத்து-உருவப்படம், தலைமுதல் பாதம்வரை வெள்ளாடை போர்த்திய இராமலிங்க அடிகளின் உருவமும் அதைச் சுற்றியோ கீழேயோ அச்சிட்ட மகாமந்திரமும் கொண்டது. இவ்வுருவம் ஒளிப்படத்திலிருந்து வந்ததன்று. ஒளிப்படக் கலைஞர் ஒருவர் வரவழைக்கப்பட்டுப் பலமுறை முயன்றும் ஆடை மட்டுமே பதிந்ததாகச் சன்மார்க்க அன்பர்களிடையே ஒரு வரலாறு வழங்குகிறது. வடலூரில் சத்திய ஞானசபை தொடங்கப்பட்ட 1872-ஐ ஒட்டிய காலத்தில் வழக்கிலிருந்த ஈரத்தட்டுகள் நீல ஒளியையும் புறஊதாக் கதிரையும் மட்டுமே உணர்பவை. தோலுக்கு நிறம் தரும் மெலனின் அவ்விரண்டையும்தான் மிகுதியாக விழுங்குகிறது. வெள்ளைத் துணியோ முழுதும் திருப்பி அனுப்புகிறது. ஆகவே அக்காலத் தட்டில் வெள்ளாடை நன்றாகப் பதிந்து மாநிற முகம் இருண்டு போவது எவருக்கும் நேரக்கூடியதே; தட்டின் உணர்வைச் சாயங்களால் பிற நிறங்களுக்கும் விரிவாக்கலாம் என்று ஜெர்மனியின் ஹெர்மன் ஃபோகல் கண்டறிந்தது 1873-இல்தான். அன்பர்களின் நம்பிக்கையை இது விளக்கிவிட்டதென்று சொல்வதற்கில்லை. ஆடைக்கும் முகத்துக்கும் இடையிலான இடைவெளி அன்று எவ்வளவு பெரிதாயிருந்தது என்பதை மட்டும் இது காட்டுகிறது. இன்றைய கேமராவில் அந்த இடைவெளி சுமார் இரண்டு ஸ்டாப் அளவே. அதைத் திருத்திச் சமன்செய்யும் மாணவர் ஆடையின் வெண்மையை முற்றிலும் அடக்கிவிடாமல் இருப்பது நலம், ஏனெனில் எழுத்துக்கு மிக நல்ல இடம் அதுவே. வெள்ளாடையின்மீது வைத்த கருநீல எழுத்து எந்த விளிம்பும் நிழலும் இல்லாமல் படிக்கப்படும்.

கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி இவையெல்லாம் ஒன்றுசேரும் இடம். அதன் அமைப்பு பல பத்தாண்டுகளாகப் பெரிதும் மாறவில்லை: நடுவில் முகம், ஒரு புறம் தோற்றம், மறுபுறம் மறைவு, அவற்றின் கீழே நாள்கள், மேலே தலைப்பு, அடியில் குடும்பத்தார் பெயர்களும் ஊரும், இரு ஓரங்களிலும் எரியும் விளக்கு. முகத்தின்மீது ஓர் எழுத்துகூட ஏறுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எழுத்தும் முகமும் போட்டியிடாத இந்த ஏற்பாட்டை நூறு படங்களில் எண்பது பின்பற்றினால் தவறில்லை. அதன் குறை வேறிடத்தில் இருக்கிறது. பார்வைத்திறன் இயல்பான ஒருவர் 30 மீட்டர் தொலைவிலிருந்து ஓர் எழுத்தை அறிய அது குறைந்தது 44 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். தயக்கமின்றிப் படிக்க அதைப்போல் இரு மடங்கு வேண்டும். சாலையின் மறுபுறத்தில் பேருந்தில் இருப்பவருக்கு முகமும் தலைப்பும் எட்டுகின்றன. நாளும் ஊரும் எட்டுவதில்லை. இறந்தவர் யார் என்று தெரிந்துகொள்ள விரும்புபவருக்கு முதலில் தேவைப்படுபவை அவையே.

இறுதியாகத் தமிழுக்கே உரிய ஒரு நுட்பச் சிக்கல். யுனிகோடு முறையில் 'கொ' என்பது க என்னும் எழுத்தும் ஒகரக் குறியுமாக இரண்டு அலகுகளில் சேமிக்கப்படுகிறது. திரையில் வரும்போது அக்குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இருபுறமும் நிற்க வேண்டும். இதைச் செய்யும் வசதி முடுக்கப்படாத மென்பொருளில் கொம்பு ஓரிடத்திலும் கால் வேறிடத்திலும் சிதறுகின்றன. இதனாலேயே பல கடைகளில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் இன்றும் உயிரோடிருக்கின்றன. ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் அமைப்புகளின் எழுத்துப் பகுதிக்குச் சென்று தெற்காசிய மொழிகளுக்கான தேர்வை முடுக்கினால்தான் யுனிகோடு எழுத்து சரியாக அமைந்தது. எழுத்தால் உருவம் வரைய நிரல் எழுதுபவர்களும் உரையை அலகு அலகாக வெட்டாமல், உயிர்மெய் உயிர்மெய்யாக வெட்ட வேண்டும். எழுத்தை வடிவமாக மாற்றியபின் பிழையைத் திருத்துவது கடினம். ஆகையால் முகத்தின் கீழே அச்சாகவிருக்கும் பெயரை, ஒற்றும் கொம்பும் காலும் சரிதானா என்று அக்குடும்பத்தார் ஒருவரிடம் காட்டிப் படிக்கச் சொன்ன பிறகே மாணவரும் கடைக்காரரும் கோப்பை அச்சுக்கு அனுப்ப வேண்டும்.